தகரத்துக்கு அஸ்திவாரம்

போன மாதம் எங்கள் நகராட்சி ஒரு விழா மலர் போட்டது. வழவழப்பான தாள், அட்டையில் பாலத்தின் படம். முதல் பக்கத்திலேயே, 'பாலம் கட்டி முடிந்தபின் இந்நகரம் தானாக வளர்ந்தது' என்று எழுதியிருக்கிறார்கள். தானாக வளர அது என்ன நகமா? வந்த கோபத்தில் மலரை நாலாக மடித்து, ஆடிக்கொண்டிருந்த மேசைக் காலுக்கு அடியில் முட்டுக் கொடுத்துவிட்டேன். நல்ல தாள்தான். மேசை இப்போது ஆடுவதில்லை.

இந்த ஊரை உண்டாக்கியவள் என் அண்ணி. நான் அவளுடைய நாத்தனார். நாத்தனார் வாயிலிருந்து அண்ணிக்குப் பாராட்டு வருகிறதென்றால் அது பொய்யாக இருக்க வழியில்லை என்று நீங்களே புரிந்துகொள்வீர்கள்.

அப்போது இங்கே ஆறும் மணலும் முள்காடும்தான். பாலம் கட்ட வந்த கம்பெனி, ஆட்களுக்காகக் கரையோரம் தகர வீடுகள் போட்டிருந்தது. அந்த வீடுகளைப் பற்றிச் சொல்லாமல் கதை நகராது. இரும்புக் குழாய்க் கம்பங்களை மண்ணில் நட்டு, சட்டம் பூட்டி, தகரங்களை போல்ட் போட்டு முறுக்கியிருப்பார்கள். ஒவ்வொரு தகரத்திலும் பெயிண்டில் ஓர் எண். வேலை முடிந்ததும் எல்லாவற்றையும் கழற்றி லாரியில் ஏற்றி, அடுத்த வேலை நடக்கிற இடத்தில் அதே வரிசையில் மாட்டிவிடுவார்கள். அணைக்கட்டில் எனக்கு இடது பக்கம் வெல்டர் வீடு என்றால் சுரங்கப்பாதையிலும் இடது பக்கம் வெல்டர் வீடுதான். ஊர் மாறும், ஆறு மாறும், கடைக்காரன் பேசும் மொழிகூட மாறும். வெல்டர் பெண்டாட்டியோடு எனக்கு இருந்த சண்டை மட்டும் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

கழற்றி மாட்டுவதுதான் என் அண்ணனுக்கு வேலை. முகாமில் எல்லோரும் அவனை ஸ்பேனர் என்றுதான் கூப்பிட்டார்கள். யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் கூரை மூலையைப் பார்ப்பான், எங்கிருந்து பிரிக்கலாம் என்று. முகாம் முழுவதையும் ஒரு நட்டு தொலையாமல் பிரித்து லாரியில் ஏற்றிவிடுவான். 'முடியாது' என்ற சொல் அவன் வாயில் வந்ததே இல்லை. அதில் அவனுக்கு இருந்த கர்வத்தை நிறுத்துப் பார்த்திருந்தால் இரண்டு லாரி தேறும்.

அண்ணி கலவை மேஸ்திரி. சட்டி சுமக்கிற சித்தாளாக வந்தவள்தான். பழைய மேஸ்திரி சாரத்திலிருந்து விழுந்து காலை ஒடித்துக்கொண்டபோது, அவர் எழுந்து வரும்வரை கலவை மிஷினைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். அவர் எழுந்து வந்து பார்த்துவிட்டு, "நீயே பாத்துக்கம்மா" என்று மறுபடி போய்ப் படுத்துக்கொண்டார். "ஒரு பொம்பளை சொல்லி நாங்க கலக்கணுமா?" என்று சிலர் முறுக்கிக்கொண்டார்கள். "வேணாம், நீங்க உக்காருங்க. கலவை தானா கலந்துக்கும்" என்றாள் அண்ணி. கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்தார்கள். அது கலந்துகொள்ளவில்லை.

நான் முகாமின் மெஸ்ஸை நடத்தினேன். என்னைக் கட்டிக்கொண்டவன் ஒரு ரோடு வேலைக்குப் போய் ரோடோடு ரோடாகப் போய்விட்டான். அந்தக் கதை வேண்டாம், அதற்கு இவ்வளவு தாள் செலவழிக்க எனக்கு மனமில்லை.

ஆக, ஒரே வீட்டில் அசையாததைக் கட்டுகிற ஒருத்தி, நிற்பதையெல்லாம் பிரிக்கிற ஒருத்தன். இரண்டு பேருக்கும் நன்றாகவே ஒத்துப்போனது. அணைக்கட்டு வேலையின்போது அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. நடை பழகும் முன்பே காய்ச்சலில் போய்விட்டது. முகாமுக்குப் பின்னால் ஒரு மரத்தடியில் புதைத்தோம். வேலை முடிந்தது, வீடுகளைக் கழற்றினோம், அணையில் தண்ணீரைத் தேக்கினார்கள். அந்த மரம் நின்ற இடத்துக்கு மேலே இப்போது படகு போகிறது. அண்ணி அதைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. அண்ணனும் பேசமாட்டான்.

இங்கே பாலம் பாதிக்கு மேல் எழும்பியிருந்த சமயம், அண்ணி மறுபடியும் வாயும் வயிறுமானாள். ஒருநாள் மதியம் மெஸ்ஸில் கூட்டம் வடிந்தபிறகு, என் எதிரே உட்கார்ந்து டீயை ஆற்றிக்கொண்டே சொன்னாள்.

"இது இங்கதான் பொறக்கும். இங்கதான் நடக்கும். நான் இந்த எடத்தை விட்டு நகர மாட்டேன்."

"வேலை முடிஞ்சா முகாமைத் தூக்கிடுவாங்களே அண்ணி."

"தூக்கட்டும், பாக்கலாம்."

"தூக்கப்போறதே உங்க புருஷன்தான்!"

"அதுதான் சிக்கல்" என்றாள். இரண்டு வாய் டீ குடித்துவிட்டு, "நூறு வருஷம் நிக்குமாம் இந்தப் பாலம். என்ஜினியர் சார் சொல்றாரு. நாம கட்டினது எல்லாமே நூறு வருஷம் நிக்கும், நாம மட்டும் தகரத்துல இருக்கோம். போதும்" என்றாள். அப்படி அவள் குரல் இறங்கி நான் கேட்டதில்லை. நான் டீக்குச் சர்க்கரை போதுமா என்று கேட்டுவைத்தேன்.

தினமும் சாயங்காலம் வேலை முடிகிறபோது மிஷினில் கொஞ்சம் கலவை மிஞ்சும். விட்டுவைத்தால் இறுகி மிஷினைக் கெடுத்துவிடும் என்பதால் வழித்து ஆற்றங்கரையில் கொட்டுவார்கள். அண்ணி பெரிய என்ஜினியரிடம் போய், அங்கே கொட்டுவதை என் வீட்டுத் தரையில் கொட்டிக்கொள்கிறேனே என்று கேட்டாள். அவர் வரைபடத்திலிருந்து தலையைத் தூக்காமலே, "குப்பையை எங்க கொட்டினா என்னம்மா" என்றார். அந்த ஒரு வாக்கியத்தில் ஒரு நகரத்துக்கே அனுமதி கொடுத்துவிட்டோம் என்று பாவம், அவருக்குத் தெரியாது.

அன்றைக்குப் பிறகு மிச்சம் சற்றுத் தாராளமாகவே மிஞ்ச ஆரம்பித்தது என்று சில பேர் சொன்னார்கள். நான் அதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை, இப்போதும் சொல்லப்போவதில்லை.

எங்கள் வீட்டுக்குத் தரை போட்டபோது முகாமே வந்து சிரித்தது. "தகரத்துக்கு அஸ்திவாரமா? பொம்மைக்கு ஜட்டி தைக்கிற கதையா இருக்கே" என்றாள் வெல்டர் பெண்டாட்டி. அண்ணனும் சிரித்தான். ஆனால் தொழில்காரன் அல்லவா, ஒரு எச்சரிக்கையும் சொன்னான்.

"இங்க பாரு, கம்பத்தைச் சுத்தி அப்படியே கொட்டிடாதே. ஒரு தகரக் குழாயைச் சொருகி, கிரீஸைத் தடவிட்டுக் கொட்டு. அப்பதான் உருவும்போது வழுக்கிக்கிட்டு வரும்."

"சரிங்க" என்றாள் அண்ணி.

எங்கள் வீட்டில் 'சரிங்க' என்பதற்குப் பல அர்த்தம் உண்டு. அவன் கொண்டுவந்து கொடுத்த கிரீஸ் டப்பா கடைசியில் என் மெஸ் தள்ளுவண்டிச் சக்கரத்துக்கு வந்து சேர்ந்தது. வண்டி அருமையாக ஓடியது.

பிறகு மழை வந்தது. ஆற்றங்கரை மழை வானத்திலிருந்து மட்டும் வராது, காலுக்கடியிலிருந்தும் வரும். வீடுகளுக்குள் கணுக்கால் அளவு சேறு. கட்டிலையே படகாக்கி எல்லோரும் அதிலேயே உட்கார்ந்திருக்க, எங்கள் வீட்டில் மட்டும் அண்ணன் உலர்ந்த தரையில் காலை நீட்டிப் படுத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். வாசலில் நின்று எட்டிப் பார்த்த வெல்டர் பெண்டாட்டியின் முகத்தை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். மழை விட்டதும் எல்லாப் பெண்களும் அண்ணியிடம் வந்துவிட்டார்கள், எனக்குத் தரை, எனக்குத் தரை என்று.

அங்கேதான் அண்ணி ஊர் உண்டாக்கினாள் என்பேன். அவள் யாருக்கும் உடனே தரை போடவில்லை.

"தரை வேணும்னா மொதல்ல சாக்கடை. உங்க வீட்டுத் தண்ணி அடுத்தவங்க வாசல்ல நிக்கக் கூடாது. வாய்க்காலை வெட்டிட்டு வந்து கேளுங்க."

"எங்க வீட்டுத் தண்ணி எங்க போனா உனக்கென்ன?" என்றாள் வெல்டர் பெண்டாட்டி.

"ஒண்ணுமில்லையே. உங்க வீட்டுச் சேறு உங்க வீட்டுலயே இருக்கட்டும்."

அடுத்த நாளே வெல்டர் மண்வெட்டியும் கையுமாக நின்றார். அண்ணி நூல் கட்டினாள். முதல் வீட்டிலிருந்து ஆற்றங்கரை வரை ஒரே நேர்க்கோடு. அந்த நூலைத் தாண்டி ஒரு சாண் நீட்டிக்கொண்டிருந்த சமையல் கொட்டகை, குளியல் தடுப்பு எல்லாம் பின்னால் நகர்ந்தன. என் மெஸ்ஸின் விறகு அடுக்கும் நகர்ந்தது. "சொந்த நாத்தனார்னு கூடப் பாக்க மாட்டீங்களா அண்ணி?" என்று கேட்டேன். "நூலுக்கு உறவு தெரியாது" என்று சொல்லிவிட்டாள். இரண்டு நாள் நான் அவளோடு பேசவில்லை. அந்த நூல் கட்டின இடம்தான் இன்றைக்குக் கடைத்தெரு. பஸ் இரண்டு எதிரெதிரே வந்தாலும் தாராளமாகப் போகும்.

வரிசையாக வீடுகளுக்குத் தரை விழுந்தது. எல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்த தரை, சாக்கடைப் பக்கம் லேசாகச் சரிந்த தரை. வேலை செய்ததெல்லாம் பாலத்தில் கம்பி கட்டுகிற, சட்டி சுமக்கிற பெண்கள். அவர்களிடம் ஒரு கோளாறு இருந்தது. அரைகுறையாக வேலை செய்ய அவர்களுக்கு வராது. பாலத்தில் ஒவ்வொரு கம்பி முனையையும் கொக்கியாக வளைத்துப் போடுவார்கள், கான்கிரீட்டுக்குள்ளிருந்து கம்பி நழுவாமல் இருக்க. வருஷக்கணக்காக அதையே செய்த கைகள். துண்டுக் கம்பி கிடந்தால் வளைத்துவிடும், வளைத்தால் எதிலாவது கட்டிவிடும். அப்படியே ஒவ்வொரு வீட்டுக் கம்பத்தையும் சுற்றிக் குறுக்கும் நெடுக்குமாகக் கொக்கி போட்டுக் கட்டி, அதன்மேல் கலவையைக் கொட்டிக் குத்தி இறுக்கி, ஈரச் சாக்கு போட்டு வாரக்கணக்கில் தண்ணீரும் விட்டார்கள். நாளைக்குக் கழற்றப்போகிற வீடு என்ற நினைப்பே ஒருத்திக்கும் இல்லை. பழக்கதோஷம்!

அண்ணிக்கும் பழக்கதோஷம்தானா என்று ஒருமுறை கேட்டேன். "கம்பியைப் பாத்தா கை சும்மா இருக்குமா?" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.

பாலம் முடிந்தது. அண்ணிக்கு நிறைமாதம். லாரிகள் வந்து வரிசையாக நின்றன. பெரிய என்ஜினியர் கையில் குடையோடு வந்தார். அடுத்த வேலை இரண்டு மலை தாண்டி. அண்ணன் ஸ்பேனர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, வழக்கம்போல ஒன்றாம் எண்ணில் ஆரம்பித்தான். ஒன்றாம் எண் எங்கள் வீடு.

ஒரு பக்கத் தகரத்தைக் கண்ணிமைக்கிற நேரத்தில் கழற்றிவிட்டான். மூன்று குழாய்களைக் கூட்டிக் கட்டிய முக்காலியை நட்டு, சங்கிலிக் கப்பியை மாட்டி, கம்பத்தை இழுத்தான். சங்கிலி விறைத்தது. முக்காலியின் கால்கள் மணலுக்குள் இறங்கின. கம்பம் அசையவில்லை. இன்னும் இரண்டு பேர் பிடித்து இழுத்தார்கள். முக்காலி இன்னும் கொஞ்சம் இறங்கியது. மூர்க்கனும் முதலையும் கொண்டது விடா என்பார்கள், அந்தப் பட்டியலில் எங்கள் பெண்கள் போட்ட தரையையும் சேர்க்கலாம். அண்ணன் குனிந்து கம்பத்தின் அடியைப் பார்த்தான். பிறகு நிமிர்ந்து அண்ணியைப் பார்த்தான். அவள் ஆற்றைப் பார்த்தாள்.

"என்னப்பா ஸ்பேனர்?" என்றார் என்ஜினியர்.

"கொஞ்சம் பிடிச்சிருக்கு சார்."

"பெரிய கிரேனைக் கொண்டா."

பாலத்தின் உத்தரங்களையே தூக்கி வைத்த கிரேன் அது. உறுமிக்கொண்டு வந்து எங்கள் வீட்டு வாசலில் நின்றது. அது இழுத்தால் கம்பம் வரும், இல்லாவிட்டால் தரையே பெயர்ந்துகொண்டு வரும். ஒன்று வந்தால் போதும், மீதி வீடுகளுக்கும் அதே கதிதான். அண்ணி அழப்போகிறாள், காலில் விழப்போகிறாள், நான் போய்த் தாங்கிப் பிடிக்கவேண்டும் என்று தயாராக நின்றேன்.

அவள் இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு முன்னால் போனாள்.

"இழுக்கட்டும் சார். என் கலவை. இந்த கிரேன் இல்ல, இதோட அப்பன் வந்து இழுத்தாலும் விடாது."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அண்ணி, சும்மா இருங்க!" என்று கையைக் கிள்ளினேன். கையை உதறிவிட்டாள். எதற்காக இத்தனை பாடு பட்டாள் என்பதே அந்த நிமிடம் அவளுக்கு மறந்துவிட்டது. தொழில் கர்வம் தலைக்கு ஏறிவிட்டது. கம்பி கட்டுகிற பெண்களும் சேர்ந்துகொண்டு, "இழுங்க சார், இழுங்க!" என்று கத்தினார்கள். வீடு போகப்போகிறதே என்று ஒருத்தியும் யோசிக்கவில்லை. இப்படிப்பட்டவர்களை வைத்து ஊர் உண்டாக்கியதைத்தான் நகராட்சி 'தானாக' என்கிறது!

என்ஜினியருக்கும் ரோசம் வந்துவிட்டது. "கட்டுப்பா" என்றார்.

அண்ணன் கம்பத்தில் இரும்பு வடத்தைச் சுற்றிக் கட்டினான். கொக்கியில் மாட்டினான். கிரேன்காரருக்குச் சைகை காட்டக் கையைத் தூக்கினான். தூக்கிய கை அப்படியே நின்றது. ஒருமுறை கிரேனைப் பார்த்தான். தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, உள்ளங்கையால் தரையைத் தடவினான். எழுந்து கொக்கியைக் கழற்றி, வடத்தை உருவிக் கீழே போட்டான்.

"வராது சார்."

"இன்னும் இழுக்கவே இல்லையேப்பா?"

"வராது சார். என்னால முடியாது."

என்ஜினியர் குடையை மடக்கி அவனையே பார்த்தார். இத்தனை வருஷத்தில் அவனிடமிருந்து அவர் கேட்காத சொல். வேறு யார் சொல்லியிருந்தாலும் அவர் நம்பியிருக்கமாட்டார்.

"கட்டர் வெச்சு அறுத்துடலாமா?"

"அறுத்தா கம்பம் குட்டையாயிடும் சார். அடுத்த ஊர்ல எல்லாரும் காலம் பூரா குனிஞ்சேதான் வாழணும்."

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவருக்கும் சிரிப்பு வந்திருக்க வேண்டும், மீசை ஆடியது. மேற்கே மேகம் திரண்டிருந்தது. மலைப்பாதையில் மழைக்கு முன் லாரிகள் ஏறியாக வேண்டும். "விட்டுத் தொலைங்க! கம்பம் இல்லாத தகரம் எனக்கு எதுக்கு? மிஷினை மட்டும் ஏத்துங்க. வர்றவங்க வாங்க, இருக்கிறவங்க இருங்க" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

சிலர் போனார்கள். பாதிக்கு மேல் போகவில்லை. வெல்டர் பெண்டாட்டி மூட்டையோடு லாரியில் ஏறி உட்கார்ந்ததைப் பார்த்து எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. லாரி கிளம்பும்போது இறங்கி வந்துவிட்டாள். "நான் போயிட்டா நீ யாரோட சண்டை போடுவே?" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவளிடம் அதைக் காட்டிக்கொள்ளவில்லை.

லாரிகள் பாலத்தைத் தாண்டி மறைந்தன. எல்லோரும் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டும், சிரித்துக்கொண்டும், இனிச் சாப்பாட்டுக்கு என்ன செய்யப்போகிறோம் என்று பயந்துகொண்டும் இருந்தபோது, எங்கள் வீட்டிலிருந்து சத்தம் கேட்டது. நான் ஓடினேன். ஒரு பக்கத் தகரம் இல்லாததால் வீதியில் நின்றே எல்லாம் தெரிந்தது. அண்ணி கோபத்தில் சிவந்திருந்தாள். அண்ணன் கழற்றிய தகரத்தைத் திரும்ப மாட்டிக்கொண்டிருந்தான்.

"இழுக்காமலே எப்படிங்க வராதுன்னு சொன்னீங்க? என் கலவை மேல அவ்வளவு சந்தேகமா? ஒரு இழுப்பு இழுத்திருந்தா ஊருக்கே தெரிஞ்சிருக்கும்ல!"

"சந்தேகம் இல்ல."

"பின்னே என்ன?"

அவன் போல்ட்டைத் துளையில் நுழைத்தான். அது நேராகப் போகவில்லை.

"பயம்."

"என்ன பயம்? அதான் வராதுங்கறேனே!"

"வந்துட்டா?" என்றான். "ஒருவேளை வந்துட்டா, அதை லாரியில ஏத்தறது யாரு? அன்னைக்கு அந்த மரத்துக்குப் பக்கத்துல இருந்த வீட்டைக் கழட்டினது இந்தக் கைதானே. இன்னொரு தரம் என்னால ஆகாது."

அண்ணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்து, தரையில் சிதறிக் கிடந்த நட்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அவன் கையில் கொடுத்தாள். இனி கழற்ற வேண்டியதில்லை என்பதால் அவன் எல்லாவற்றையும் கொஞ்சம் அதிகமாகவே முறுக்கினான்.